புதிய ஸ்க்ரம் ஹாஃபின் ஆட்டத்தை எடைபோடுவது எப்படி? சர்வதேச ரக்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டின் அணியில் புதிய ஸ்க்ரம் ஹாஃப் (9ஆம் எண் சட்டை அணிந்து, ஃபார்வர்டுகள் வென்ற பந்தை மற்றவர்களுக்கு அனுப்புபவர்) வந்தால் முதல் ஆட்டம் முடிந்த இரவே இரண்டு தீர்ப்புகள் வந்துவிடும். ஒரு கூட்டம் "அடுத்த பத்து வருடத்துக்கு இவர்தான்" என்று சொல்லும். இன்னொன்று "இந்த மட்டத்துக்கு ஆள் இல்லை" என்று சொல்லும். இரண்டுமே பெரும்பாலும் அவருக்கு முன்னால் நின்று மோதிப் பந்தை வெல்லும் எட்டு ஃபார்வர்டுகளின் ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னவை. அவர் கையில் இருந்தது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்க உதவும் பதில்கள் கீழே உள்ளன. எல்லாம் 15 பேர் ஆடும் ரக்பி யூனியனைப் பற்றியவை.

9ஆம் எண்காரரை மட்டும் ஏன் தனியாக எடைபோட வேண்டும்?

களத்தில் பந்தை அதிகம் தொடுபவர் அவர். ஒரு சர்வதேச ஆட்டத்தில் 60, 70 பாஸ்கள் அவர் கையிலிருந்து போவது சாதாரணம். விங் ஆட்டக்காரர் நான்கு முறை பந்தைத் தொட்டு இரண்டு டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) அடித்தால் அவருடைய ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்க்ரம் ஹாஃபின் நல்ல வேலை கண்ணில் படுவதில்லை. பந்து சரியான நேரத்தில், சரியான உயரத்தில், சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தால் நாம் அடுத்த ஆளைத்தான் பார்ப்போம். பிழை விட்டால் மட்டும் கேமரா அவர் முகத்துக்கு வரும். அதனால் பிழைகளை மட்டும் எண்ணி 9ஐ எடைபோடுகிறவர்கள் எப்போதும் தவறான முடிவுக்கே வருகிறார்கள்.

அப்படியானால் முதலில் எதைப் பார்ப்பது?

ரக்கில் (வீழ்த்தப்பட்டவர் தரையில் வைத்த பந்தின் மேல் இரு அணியினரும் நின்று மோதும் இடம்) பந்து எடுக்கத் தயாரான நொடிக்கும் அது அவர் கையை விட்டுப் போகும் நொடிக்கும் இடையே இருக்கும் நேரத்தை. அந்த இடைவெளி முழுக்க அவருடையது. அதற்கு முன் நடப்பது ஃபார்வர்டுகளின் வேலை, பின் நடப்பது பந்தை வாங்குபவரின் வேலை.

அந்த இடைவெளியில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பந்து தயாராகும்போது அவர் அங்கே வந்துவிட்டாரா, இல்லை இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கிறாரா? குனிவதற்கு முன் தலையைத் தூக்கி எதிரணி வரிசையைப் பார்த்தாரா? எடுத்த பிறகு யோசித்தாரா, எடுக்கும் முன்பே முடிவு செய்திருந்தாரா? நல்ல 9 ரக்கை நோக்கி ஓடி வரும்போதே இரண்டு பக்கமும் பார்த்துவிடுவார். பந்தின் மேல் கை வைத்த பிறகுதான் தலை தூக்குகிறார் என்றால் அந்த அரை நொடியில் எதிரணி வரிசை சீராகிவிடும்.

புதியவர்களிடம் அடிக்கடி காணும் குறை இதுதான். களைத்துப்போன 60ஆவது நிமிடத்துக்குப் பிறகு இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தொலைக்காட்சிப் படம் பந்தைத்தான் துரத்தும்; நீங்கள் கண்ணை ரக்கின் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

ரக் வேகம் அவருடைய திறமையைக் காட்டும் எண் இல்லையா?

பாதிதான். ஆய்வாளர்கள் டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) நடந்ததிலிருந்து பந்து வெளியே வருவது வரை அளந்து, 3 நொடிக்குள், 3 முதல் 6 நொடி, 6 நொடிக்கு மேல் என்று பிரிப்பார்கள். 3 நொடிக்குள் வந்தால் எதிரணி வரிசை இன்னும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். தாக்குதலுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஆனால் அந்த 3 நொடியின் பெரும்பகுதி பந்தோடு மோதியவர் எப்படி விழுந்தார், பந்தை எவ்வளவு நீட்டி வைத்தார், எதிரணியின் பந்து திருடும் ஆளை யார் அப்புறப்படுத்தினார் என்பதைப் பொறுத்தது. அயர்லாந்தின் 9 வேகமாகத் தெரிவதற்கு அந்த அணியின் ரக் ஒழுங்கு ஒரு பெரிய காரணம். அதே ஆளைத் தோற்றுக்கொண்டிருக்கும் ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் நிறுத்தினால் மந்தமாகத்தான் தெரிவார்.

எனவே ரக் வேகத்தின் சராசரியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வேகமாகக் கிடைத்த பந்தை மட்டும் தனியே எடுத்து அவற்றில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். பிறகு 6 நொடிக்கு மேல் ஆன பந்தை எடுத்துப் பாருங்கள். வேகப் பந்தை வீணாக்குகிறவர் தாக்குதலைக் கொல்கிறார். மெதுவான பந்தை அவசரப்பட்டு, நின்ற இடத்தில் நிற்கும் ஃபார்வர்டின் கையில் திணிக்கிறவர் அந்த ஃபார்வர்டு பின்னுக்குத் தள்ளப்படக் காரணமாகிறார். இந்த இரண்டாவது பிழை எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் பெயரில் பதிவாகாது.

பாஸ் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பந்து போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். வாங்குபவர் ஓடிக்கொண்டே, வேகம் குறையாமல், இடுப்புக்கும் மார்புக்கும் இடையே, தனக்கு ஓரடி முன்னால் பிடித்தால் அது நல்ல பாஸ். அவர் கையை மேலே தூக்கினாலோ, குனிந்தாலோ, பின்னால் திரும்பி எடுத்தாலோ பாஸ் "கிடைத்தது" என்று பதிவாகும். ஆனால் தாக்குதல் அங்கேயே நின்றுபோகும்.

அடுத்து நேரம். 10 மீட்டர் பாஸ் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போனால் முக்கால் நொடிக்குள் சேர்ந்துவிடும். எடுத்த பிறகு கையைப் பின்னுக்கு வீசிக்கொள்வதிலோ காரணமில்லாமல் ஓரடி நகர்வதிலோ 0.3 நொடி போனால், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் மேலே வரும் தடுப்பாளர் ஏறத்தாழ 2 மீட்டர் கூடுதலாக நெருங்கிவிடுவார். 9இடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் 10ஆம் எண்காரரான ஃப்ளை ஹாஃபுக்கு அந்த 2 மீட்டர்தான் முடிவெடுக்கும் நேரம். கிளப் ஆட்டத்தில் மன்னிக்கப்படும் இந்தச் சிறு பழக்கம் சர்வதேச ஆட்டத்தில் 10ஆம் எண்காரரைத் தரையில் சாய்க்கும். ரசிகர்கள் 10ஐத் திட்டுவார்கள்.

காலைப் பாருங்கள். பின்னங்கால் பந்துக்கு அருகே, முன்னங்கால் பாஸ் போக வேண்டிய திசையில், உடல் தாழ்ந்து, பந்தைத் தரையிலிருந்தே ஒரே வீச்சில் அனுப்ப வேண்டும். நிமிர்ந்துவிட்டு அனுப்புகிறவருக்குக் கால் சரியாக அமையவில்லை என்று பொருள். அது பெரும்பாலும் ரக்குக்கு ஓரடி தாமதமாக வந்ததால் நேர்வது.

இன்னொன்று, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்பது. வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் அனுப்பும் பாஸ் இயல்பாகவே வலுவாக இருக்கும். வலப்பக்கம் அனுப்பும்போது பந்து தொய்ந்து வளைகிறதா, வாங்குபவர் வழக்கத்தைவிட நெருங்கி நிற்கிறாரா என்று பாருங்கள். எதிரணியின் ஆய்வாளர்கள் இரண்டு ஆட்டங்களிலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவது ஆட்டத்தில் அவருடைய பலவீனமான பக்கத்தில் தடுப்பு வரிசை முந்திக்கொண்டு மேலே வரத் தொடங்கினால், விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் 2012இல் அறிமுகமாகி 2023 உலகக் கோப்பை இறுதியோடு விடைபெற்றார். இந்தக் காலத்தில் பாஸுக்கு அளவுகோலாக இருந்தவர் அவர். ரக்குக்கு வந்த வேகம், இரண்டு பக்கமும் தட்டையாகப் போகும் பந்து, வாங்குபவருக்கு முன்னால் விழும் துல்லியம் ஆகியவற்றுக்காக அவர் ஆட்டங்களை இன்றும் பயிற்சியாளர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். புதியவரை எடைபோடும் முன் ஸ்மித்தின் ஏதாவது ஒரு ஆட்டத்தில் 20 நிமிடம் மட்டும் பார்த்துக் கண்ணைத் தயார்செய்துகொள்வது நல்லது.

பாக்ஸ் கிக் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

ரக்கின் பின்னாலிருந்து 9 உயரமாக உதைப்பதுதான் பாக்ஸ் கிக். பார்ப்பவர்களுக்கு மிகவும் சலிப்பூட்டுவதும் சர்வதேச ஆட்டத்தில் மிகவும் தேவைப்படுவதும் இதுதான். அளவிட எளிதானதும் இதுவே. கைப்பேசியிலுள்ள நிறுத்தக் கடிகாரம் போதும்.

பந்து 4 நொடி காற்றில் இருந்தால் அது ஏறத்தாழ 20 மீட்டர் உயரம் போயிருக்கிறது. நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்கும் விங் ஆட்டக்காரர் அந்த நேரத்தில் 25 மீட்டர் வரை வந்துவிட முடியும். ஆகவே 4 நொடி, 22 முதல் 25 மீட்டர் என்பது நல்ல உதை: பந்தும் துரத்துபவரும் ஒன்றாக இறங்குவார்கள். 3 நொடி, 30 மீட்டர் என்றால் எதிரணியில் எல்லோருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் நிதானமாகப் பிடித்து, நிமிர்ந்து, திருப்பி ஓடுவார். 4 நொடி, 12 மீட்டர் என்றால் உயரம் இருந்தும் நிலம் கிடைக்கவில்லை.

திசையும் முக்கியம். பக்கக் கோட்டிலிருந்து 5 முதல் 10 மீட்டருக்குள் இறங்கினால் பிடிப்பவருக்கு ஒரு பக்கம்தான் வழி. நடுக்களத்துக்கு நழுவினால் இரண்டு பக்கமும் திறந்துவிடும். சோர்ந்த உதைகள் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே நழுவும். கடைசிக் கால் மணி நேரத்தில் இதைக் கவனியுங்கள்.

உதை தடுக்கப்பட்டால் முதலில் அவர் மீது பழி போடாதீர்கள். பின்னோக்கிச் சென்று மூன்றைச் சரிபாருங்கள். ரக்கின் பின்னால் ஃபார்வர்டுகள் வரிசையாகச் சேர்ந்து நீளத்தைக் கூட்டினார்களா? நடுவர் பந்தைப் பயன்படுத்தச் சொன்ன பிறகு 5 நொடிதான் உண்டு. அதில் எத்தனையாவது நொடியில் உதைத்தார்? அவர் எத்தனை அடி பின்னால் எடுத்து வைத்தார்? 4ஆவது நொடி வரை காத்திருந்தால் தடுப்பாளர் காலை எடுத்துவைக்கும் தருணத்தைக் கணித்துவிடுவார். காவல் சரியாக இருந்தும் அவர் இரண்டு அடிக்கு மேல் எடுத்திருந்தால் அது அவர் பிழை. காவலே இல்லையென்றால் அது அருகில் நின்ற லாக்கின் (உயரமான ஃபார்வர்டின்) பிழை.

இடக்கால்காரர் என்றால் கணக்கு மாறும். நியூசிலாந்தின் கேம் ராய்கார்ட் இடக்காலால் உதைப்பவர். வலக்கால்காரர்களுக்குச் சங்கடமான பக்கக் கோட்டில் அவருக்கு இயல்பான கோணம் கிடைக்கிறது. எதிரணி வழக்கமாகப் பழகி வரும் தடுப்பு ஓட்டம் அவரிடம் ஓரடி தவறிப்போகும்.

உதைத்துக்கொண்டே இருக்கிறார். அவருக்குத் தாக்கி ஆடத் தெரியாதோ?

பெரும்பாலும் அது அவர் முடிவே இல்லை. தன் பாதிக்குள் எத்தனை ரக்குக்குப் பிறகு உதைக்க வேண்டும், எந்தப் பக்கம் என்பதெல்லாம் பயிற்சியாளர் குழு வாரத் தொடக்கத்திலேயே முடிவுசெய்வது.

இதற்குத் தெளிவான உதாரணம் இங்கிலாந்தின் அலெக்ஸ் மிட்செல். 2023 உலகக் கோப்பைக்கான முதல் தேர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆகஸ்ட் மாதம் வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஜாக் வான் பூர்ட்விலீட் காயமடைந்ததால் அழைக்கப்பட்டார். நார்தாம்ப்டன் கிளப்பில் அவர் அறியப்பட்டது வேகத்துக்கும் ரக் ஓரத்தில் பாய்ந்து ஓடுவதற்கும்தான். ஆனால் செப்டம்பர் 9இல் மார்செய்யில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அவர் தொடங்கிய ஆட்டத்தில் மூன்றாவது நிமிடத்திலேயே டாம் கர்ரி வெளியேற நேர்ந்தது. இங்கிலாந்து 14 பேரோடு உதைத்து, இடத்தைப் பிடித்து, ஜார்ஜ் ஃபோர்டின் காலால் 27-10 என்று வென்றது. அக்டோபர் 21இல் அரையிறுதியிலும் மழையில் அதே பாணிதான். தென்னாப்பிரிக்காவிடம் 15-16 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். அந்த ஆட்டங்களில் மிட்செல் எத்தனை முறை ஓடினார் என்று எண்ணியிருந்தால் அவரை முழுக்கத் தவறாகப் புரிந்துகொண்டிருப்போம். கொடுத்த திட்டத்தை அவர் எவ்வளவு துல்லியமாக நிறைவேற்றினார் என்பதுதான் அங்கே சரியான கேள்வி.

திட்டம் எது, அவர் முடிவு எது என்று பிரிக்க ஒரு வழி உண்டு. எதிரணியின் 22 மீட்டர் கோட்டுக்குள்ளும், ஆட்டம் ஒழுங்கு குலைந்த தருணங்களிலும் அவர் செய்வதைப் பாருங்கள். பந்து கைமாறிய அடுத்த சில நொடிகளுக்கு யாரும் முன்கூட்டித் திட்டம் எழுதிக் கொடுக்க முடியாது.

அவர் எத்தனை முறை ஓட வேண்டும்?

எண்ணிக்கைக்கு இலக்கு கிடையாது. ரக்கை ஒட்டி நிற்கும் முதல் இரண்டு தடுப்பாளர்கள் அவரைப் பார்த்து நிற்கிறார்களா, அவரை விட்டுவிட்டு அடுத்த ஆளை நோக்கி நகர்ந்துவிடுகிறார்களா என்பதுதான் அளவு. முதல் 20 நிமிடத்தில் ஒரு முறை உண்மையாகப் பாய்ந்து 5 மீட்டர் எடுத்தால், பிறகு அரை மணி நேரம் அவர் ஓடாமலே அந்த இருவரும் கட்டிப்போட்டது போல் நிற்பார்கள். வெளியே நிற்கும் ஃபார்வர்டுகளுக்கு அதனால் ஒரு ஆள் குறைவு. இந்தப் பயன் அவருடைய ஓட்ட மீட்டர்களில் வராது.

பந்தில்லாமல் ஓடுவதையும் பாருங்கள். யாராவது வரிசையை உடைத்தால் புதிய 9 பந்துக்குப் பின்னால் ஓடுகிறாரா, உட்பக்கமாக முன்கூட்டியே கோடு பிடித்து ஓடுகிறாரா? பிரான்சின் அந்துவான் துப்போன் அடித்த டிரைகளில் பல இப்படி உட்பக்கம் வந்து சேர்ந்ததால் கிடைத்தவை. கால் வேகத்தைவிட முன்கூட்டி ஊகிப்பதுதான் இதில் பெரிது.

தடுப்பாட்டத்தில் அவரிடம் எதை எதிர்பார்க்கலாம்?

அது அணியின் அமைப்பைப் பொறுத்தது. சில அணிகளில் 9 முதல் வரிசைக்குப் பின்னால் பக்கவாட்டில் நகர்ந்து, மேலே தூக்கிப் போடும் சிறு உதைகளையும் வரிசையைக் கிழித்து வருபவர்களையும் பார்த்துக்கொள்வார். தென்னாப்பிரிக்காவின் ஃபாஃப் டி கிளெர்க் போன்றவர்கள் வரிசையிலேயே நின்று, முந்திப் பாய்ந்து எதிரணியின் பாஸைக் குலைப்பார்கள். பின்னால் நிற்பவருக்கு டேக்கிள் எண்ணிக்கை குறைவாக இருக்கும். அது குறை அல்ல. முந்திப் பாய்பவருக்குத் தவறிய டேக்கிள் அதிகமாக இருக்கும். அதுவும் தனியே பார்த்தால் குறை அல்ல. பாய்ந்து தவறியபோது எதிரணி உள்ளே தள்ளப்பட்டதா, இடைவெளி திறந்ததா என்று பாருங்கள்.

ஒலியைக் கூட்டிக் கேட்டால் இன்னொன்று தெரியும். ரக்கின் இரு பக்கமும் ஃபார்வர்டுகளை நிறுத்துவது அவருடைய குரல்தான். புதியவர் வந்த பிறகு ரக்கை ஒட்டிய பகுதியில் எளிதான மீட்டர்கள் அடிக்கடி போகிறதென்றால் இந்தப் பேச்சு குறைந்திருக்கலாம்.

ஸ்க்ரமில்?

இரு அணி ஃபார்வர்டுகளும் பிணைந்து தள்ளும் ஸ்க்ரமுக்குள் பந்து போடுவதில் பெரிதாக வேறுபாடு தெரியாது. ஸ்க்ரம் பின்னோக்கி நகரும்போது அதன் கடைசியில் நிற்கும் 8ஆம் எண்காரரின் காலடியிலிருந்து பந்தைச் சுத்தமாக மீட்டெடுக்கிறாரா என்பதை மட்டும் பாருங்கள். நெருக்கடியில் அவர் கை நடுங்குகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

பெஞ்சிலிருந்து வந்து கலக்குகிறார். ஏன் தொடக்கத்திலேயே இறக்கவில்லை?

50, 55ஆவது நிமிடத்துக்குப் பிறகு வருபவர் களைத்த தடுப்பாளர்களைச் சந்திக்கிறார். கூடவே புதிய முன்வரிசையும் வந்திருக்கும். அதே 9 அங்கே அரை நொடி வேகமாகத் தெரிவார். இதனால் பெஞ்ச் நிமிடங்களையும் தொடக்க நிமிடங்களையும் ஒன்றாகக் கூட்டவே கூடாது.

ஆனாலும் பெஞ்ச் நிமிடங்கள் ஒரு விஷயத்தைச் சொல்லும்: மாற்றம் நடந்த உடனே என்ன மாறியது என்பதை. மாற்றத்துக்கு முந்தைய 10 ரக்குகளையும் பிந்தைய 10 ரக்குகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதே ஃபார்வர்டுகள், அதே எதிரணி, அதே வானிலை. இருவரையும் ஒப்பிட இதைவிட நேர்மையான வாய்ப்பு சர்வதேச ஆட்டத்தில் கிடைக்காது. 9 மட்டும் தனியாக மாற்றப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

முடிக்கும் 9 என்பது தனி வேலை என்பதையும் மறக்க வேண்டாம். 2023 உலகக் கோப்பையில் சமோவாவிடம் பின்தங்கியிருந்த இங்கிலாந்துக்காகப் பெஞ்சிலிருந்து வந்த டேனி கேர் டிரை அடித்தார், கடைசியில் டிரையைத் தடுக்கும் டேக்கிளும் அவருடையதே, 18-17. மறுமுனையில், அதே கோப்பையின் இறுதியில் தென்னாப்பிரிக்கா பெஞ்சில் ஏழு ஃபார்வர்டுகளையும் ஃபார்வர்டு அல்லாத ஒரே ஒரு ஆட்டக்காரரையும் வைத்தது. மாற்று 9 இல்லை. டி கிளெர்க் 80 நிமிடமும் ஆடினார், 12-11 என்று வென்றார்கள். ஒரு நாட்டின் பயிற்சியாளர் எந்த வகை 9ஐத் தேடுகிறார் என்பது பெஞ்ச் அமைப்பிலேயே தெரியும்.

எத்தனை ஆட்டம் பார்த்த பிறகு கருத்துச் சொல்லலாம்?

அவர் தொடக்கத்திலிருந்தே ஆடிய ஆட்டம் குறைந்தது நான்கு. அவற்றில் ஒன்றாவது அணியின் ஃபார்வர்டுகள் தோற்ற ஆட்டமாக இருக்க வேண்டும். ஒன்று வெளிநாட்டு மைதானத்தில், முடிந்தால் ஒன்று மழையில். ஐந்து ஆட்டங்கள் கொண்ட ஐரோப்பாவின் ஒரு முழு ஆறு நாடுகள் தொடர் கிட்டத்தட்ட இதைத் தந்துவிடும். முதல் ஆட்டத்துக்கு மிகக் குறைந்த எடை கொடுங்கள். எதிரணிக்கு அவரைப் பற்றிய படத் தொகுப்பு இல்லை. மூன்றாவது, நான்காவது ஆட்டங்களுக்குத்தான் அதிக எடை. எதிரணி படித்துவிட்டு வந்த பிறகும் அவர் விடை கண்டுபிடிக்கிறாரா என்பது அங்கே தெரியும்.

2022 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தற்காலிக மாற்றாக உள்ளே வந்த ஸ்காட்லாந்தின் பென் வைட், அறிமுக ஆட்டத்திலேயே டிரை அடித்தார். மகிழ வேண்டிய தருணம்தான். ஆனால் ஒரு 9ஐப் பற்றி அதிலிருந்து தெரிந்துகொள்ள முடிவது மிகக் குறைவு. வைட் தன் இடத்தை உறுதி செய்துகொண்டது அதற்குப் பின் வந்த தொடர்களில் ஆடிய ஆட்டத்தால்.

முந்தைய ஜாம்பவானோடு ஒப்பிடுவது சரியா?

அவருடைய உச்சத்தோடு ஒப்பிட்டால் யாரும் தேற மாட்டார்கள். 125 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய ஸ்மித் விலகியதும் நியூசிலாந்தில் அதுதான் நடந்தது. 2023இல் அறிமுகமாகி, உலகக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிராக இரண்டு டிரை அடித்த ராய்கார்டே வாரிசு என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த வேளையில், 2024 தொடக்கத்தில் முழங்கால் காயம் அவரை மாதக்கணக்கில் வெளியே உட்காரவைத்தது. டி.ஜே. பெரனாரா, ஃபின்லே கிறிஸ்டி, புதியவரான கோர்டெஸ் ரதிமா என்று அந்த ஆண்டு இடம் கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசிப் பகுதியில் ராய்கார்ட் திரும்பினார். ஆள் மாறும்போதெல்லாம் 10ஆம் எண்காரர் நிற்கும் ஆழமும் மாற வேண்டியிருக்கும். அத்தகைய ஆண்டில் 9ஐ மட்டும் தனியே எடுத்து மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

2024 ஆறு நாடுகள் தொடரில் துப்போன் ஒலிம்பிக் செவன்ஸுக்காக (ஏழு பேர் ஆடும் ரக்பி) விலகியபோது பிரான்ஸ் முதலில் மக்சிம் லூக்குவையும், கடைசி இரண்டு ஆட்டங்களில் இளையவரான நோலான் லெ கரெக்கையும் தொடக்கத்தில் இறக்கியது. அணியின் ஆட்டம் தொடரின் பிற்பகுதியில் பிரகாசமானது உண்மை. லெ கரெக்கின் துணிச்சல் அதில் ஒரு பங்கு. மீதிப் பங்குகள் யாருடையவை என்றும் கேட்க வேண்டும். ஒப்பிடுவதென்றால் முந்தையவரின் முதல் பத்து ஆட்டங்களோடு ஒப்பிடுங்கள். துப்போனே 2017இல் அறிமுகமான உடன் உலகை ஆளவில்லை.

வயது அதிகமான "புதியவர்" என்றால் எதிர்காலம் இல்லையா?

இல்லை என்று சொல்லிவிட முடியாது. நியூசிலாந்தில் பிறந்த ஜேமிசன் கிப்சன்-பார்க் அயர்லாந்துக்கு அறிமுகமானபோது அவருக்கு 28 வயது. அடுத்த ஆண்டே அணியின் வேகத்தைத் தீர்மானிப்பவர் ஆனார். இந்த இடத்தில் பார்வை கால்களைவிட மெதுவாகத்தான் முதிர்கிறது.

பழைய புள்ளிவிவரங்களோடு இன்றைய 9ஐ ஒப்பிடலாமா?

கவனமாக. 2025 தொடக்கத்திலிருந்து உலக அளவில் முயற்சிக்கப்பட்ட விதிகள் 9க்குக் கூடுதல் பாதுகாப்புத் தருகின்றன. ஸ்க்ரமில் எதிரணியின் 9 ஸ்க்ரமின் நடுப்பகுதியைத் தாண்டி வந்து தொந்தரவு செய்ய முடியாது. ரக்கிலும், நின்றபடியே பந்து வைத்திருப்பவரைச் சூழ்ந்து தள்ளும் மாலிலும் அவரைக் கைநீட்டிப் பிடித்து இழுப்பது தடுக்கப்பட்டது. 2024 நவம்பரிலிருந்து, உயர உதையைப் பிடிப்பவருக்கு அவர் தோழர்கள் அரண் போல் ஓடித் துரத்துபவரை மறிப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கிறார்கள். அதனால் போட்டியிட்டு மீட்கப்படும் உதைகள் கூடியுள்ளன. இன்றைய புதியவரின் உதை மீட்பு எண்ணை 2019இன் எண்ணோடு வைத்து "இவர் மேல்" என்றால் கணக்கு தப்பும். 2021இல் வந்த 50:22 விதியும் (தன் பாதியிலிருந்து உதைத்த பந்து எதிரணியின் 22 மீட்டர் பகுதியில் தரையில் பட்டுப் பக்கக் கோட்டைத் தாண்டினால் உதைத்த அணிக்கே பந்து) அப்படித்தான். அதற்கு முன் ஆடியவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

வீட்டிலிருந்தே ஒரு ஆட்டத்தை முறையாக எடைபோட என்ன செய்யலாம்?

பதிவு செய்த ஆட்டம், நிறுத்தக் கடிகாரம், ஒரு தாள் போதும். முதல் முறை ஆட்டத்தை ரசித்துப் பார்த்துவிடுங்கள், எதுவும் எழுதாமல். மறுநாள் இரண்டாம் முறை, ஒவ்வொரு பாதியிலும் தொடர்ச்சியாக 20 ரக்குகள் எடுங்கள். பிடித்த ரக்குகளைப் பொறுக்கினால் பயனில்லை, தொடர்ச்சி முக்கியம். இரண்டாம் பாதியில் 55ஆவது நிமிடத்துக்குப் பிறகு எடுங்கள். அவர் அதற்குள் வெளியேறியிருந்தால் அவருடைய கடைசி 20 ரக்குகளை.

ஒவ்வொரு ரக்குக்கும் ஒரு வரி. பந்து வேகமானதா, நடுத்தரமா, மெதுவானதா, அவர் முன்பே வந்தாரா, தாமதமா, பாஸா, உதையா, ஓட்டமா, எந்தப் பக்கம், வாங்குபவர் ஓட்டத்தோடு பிடித்தாரா. வரியின் கடைசியில், அந்த நொடியில் கண்ணுக்குத் தெரிந்த இன்னொரு நல்ல வழி இருந்ததா என்று ஆம், இல்லை மட்டும் எழுதுங்கள். உதைகளை முழு ஆட்டத்துக்கும் தனியே எழுதுங்கள்: நொடி, தோராய மீட்டர், பக்கக் கோட்டிலிருந்து தூரம், முடிவு.

நாற்பது வரிகள் சேர்ந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். வேகமான பந்துகளில் எத்தனையில் வாங்குபவர் ஓட்டத்தோடு பிடித்தார்? இடம், வலம் இரண்டுக்கும் இந்த விகிதம் எவ்வளவு வேறுபடுகிறது? முதல் 20க்கும் கடைசி 20க்கும் இடையே எது சரிந்தது? பாஸ் சரிந்தால் உடல்தகுதி, தேர்வு சரிந்தால் அனுபவம் என்று பொதுவாகக் கொள்ளலாம். முதலாவது சில மாதப் பயிற்சியில் சரியாகும். இரண்டாவது ஆட ஆடத்தான் வரும், அதற்குத் தேர்வாளர்கள் பொறுமையோடு இருக்க வேண்டும்.

பெரிய பிழை ஒன்று விட்டுத் தோல்விக்குக் காரணமானால்?

பிழையைவிட அடுத்த ஐந்து ரக்குகளைப் பாருங்கள். ஒளிந்துகொள்பவர் உடனே எல்லாப் பந்தையும் மிக அருகில் நிற்கும் ஃபார்வர்டிடம் தள்ளத் தொடங்குவார். ஈடுகட்டத் துடிப்பவர் தேவையில்லாமல் தானே ஓடுவார். எதுவும் நடக்காதது போல் அதே தேர்வுகளைத் தொடர்பவர் சர்வதேச ஆட்டத்துக்கு உரியவர்.

அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவ்வளவுதானா?

டி கிளெர்க் 2016இல் அறிமுகமானார். அந்த ஆண்டு தென்னாப்பிரிக்கா 12 ஆட்டங்களில் 8ஐத் தோற்றது. அவரும் இடம் இழந்து இங்கிலாந்தின் சேல் கிளப்புக்குப் போனார். 2018 ஜூனில் பயிற்சியாளர் ராசி எராஸ்மஸ் அவரைத் திரும்ப அழைத்தார். ஜோகன்னஸ்பர்க்கில் இங்கிலாந்திடம் 3-24 என்று பின்தங்கிய ஆட்டத்தை 42-39 என்று திருப்பியதில் அவர் பங்கு பெரிது. 2019இல் உலகக் கோப்பை வென்ற அணியின் 9 அவர். இடையில் சேலில் ஆடியபோது உதைக்கும் வேலை அவரிடம் இருந்தது. திரும்பி வந்தபோது முன்னால் நின்ற ஃபார்வர்டுகளும் வேறு, திட்டமும் வேறு. நீக்கப்பட்ட ஒருவரைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால், கிளப்பில் அவர் உதைக்கும் பொறுப்பை ஏற்கிறாரா, பலவீனமான பக்கத்துப் பாஸ் மாறியிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் மாதம் ஒரு ஆட்டத்தில் மேலே சொன்ன தாளில் குறித்து வாருங்கள்.